அத்தியாயம் 6: மஸ்டர் ரோலில் ஒளிந்திருக்கும் பயிற்சிச் செலவு

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் அலகு மின்தொகுப்பில் இணைந்தது 2013 அக்டோபர் 22 அன்று. வணிக உற்பத்தி 2014 டிசம்பர் 31 அன்று தொடங்கியது. அதை இயக்கக் கற்றுக்கொண்டவர்களின் சம்பளமோ அதற்கு எத்தனையோ ஆண்டு முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது. உலையில் எரிபொருள் ஏற்றும் நாளிலேயே கட்டுப்பாட்டு அறையில் உரிமம் பெற்ற ஆட்கள் இருந்தாக வேண்டும். அதுவரை இந்திய அணுமின் கழகத்தின் உலைகள் பெரும்பாலும் கனநீர் வகை. இங்கே வந்ததோ ரஷ்ய விவிஇஆர். கனநீர் உலையில் பல்லாண்டு பழுத்தவர்களும் இதற்குப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. பொறியாளர்கள் ரஷ்யாவுக்குப் போய்ப் பயின்று வந்தார்கள். கட்டுப்பாட்டு அறையை அப்படியே நகலெடுத்த முழு அளவு சிமுலேட்டர் ஒன்று நிலைய வளாகத்திலேயே அமைந்தது.

முதல் இரு அலகுகளின் மதிப்பீடு 13,171 கோடி ரூபாயிலிருந்து 22,462 கோடியாக ஏறியதை 2017இல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை விரிவாகப் பேசுகிறது. முதல் அலகு 2007 டிசம்பரில் ஓடியிருக்க வேண்டியது. ஏழு ஆண்டு தள்ளிப்போனது. இயந்திரம் தள்ளிப்போனால் வட்டி ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். பயிற்சி முடித்துவிட்டு இயந்திரத்துக்காகக் காத்திருப்பவரின் சம்பளமும் அதே வேகத்தில் ஏறுகிறது. காத்திருக்கும் காலத்தில் கற்றது மங்காமலிருக்க மறுபயிற்சியும் கொடுக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் பேரேட்டிலும் ‘காத்திருப்பு’ என்று ஒரு தலைப்பு கிடையாது. அது ‘சம்பளம்’ என்ற பெரிய தலைப்புக்குள் போய்க் கரைந்துவிடும்.

இந்த அத்தியாயம் பெரிய நிறுவனங்களுக்காக எழுதப்பட்டதல்ல. வள்ளியூரிலோ ராதாபுரத்திலோ ஓர் ஆபீஸ் போட்டு, பிளாண்டுக்கு வெல்டர், ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் அனுப்பும் காண்ட்ராக்டருக்கும், அவருக்கு டாலியில் கணக்கெழுதும் பிள்ளைக்கும்தான் இது. பயிற்சிச் செலவில் பெரிய பங்கு பில்லில் வராது, மஸ்டர் ரோலில்தான் இருக்கும் என்பதைப் பெரிய நிலையம் பெரிதாகக் காட்டுகிறது. சிறிய காண்ட்ராக்டரிடமும் அது அதே விகிதத்தில்தான் இருக்கிறது.

ஓர் இருக்கைக்கு எத்தனை ஆள்

ஒரு ஷிப்டு வேலையை எடுத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டிய இருக்கை அது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஓர் ஊழியருக்கு வார ஓய்வு 52 நாள், விடுப்பும் பண்டிகை நாள்களும் சேர்த்து 43 நாள் என்று கழித்தால் மிச்சம் 270 நாள், அதாவது 2,160 மணி நேரம். வகுத்தால் 4.06 வரும். அந்த ஓர் இருக்கைக்கு நாலு பேர் போதும், லேசாக இழுத்துப் பிடித்தால்.

இப்போது அவருக்கு ஆண்டுக்கு 20 நாள் பயிற்சி கட்டாயம் என்று வையுங்கள். கையில் இருப்பது 250 நாள், 2,000 மணி நேரம். ஆள் கணக்கு 4.38 ஆகிவிடுகிறது. வித்தியாசம் ஏறத்தாழ மூன்றில் ஓர் ஆள். மூன்று இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில், பயிற்சி என்ற ஒன்று இருப்பதாலேயே நிரந்தரமாகச் சம்பளம் வாங்குகிறார். அவரும் வேலைதான் பார்க்கிறார், சும்மா இருக்கவில்லை. ஆனால் அவர் நிரப்புவது மற்றவர் வகுப்பறையில் இருக்கும் நேரத்தை. அந்தச் சம்பளம் பயிற்சிக் கணக்கில் வர வேண்டும். எங்கும் அப்படி வருவதில்லை.

அணுமின் நிலையத்தில் இதைக் குறைக்க வழியில்லை. இயக்குநரின் உரிமம் காலாகாலத்தில் புதுப்பிக்கப்பட வேண்டியது. சிமுலேட்டரில் உட்காராமல் அது நடக்காது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் தீவில் நடந்த விபத்தின்போது, உலைக்குள் நீர் குறைந்துகொண்டிருக்கையில் அதிகமாக இருப்பதாக இயக்குநர்கள் நினைத்துவிட்டார்கள். அவசர நீர் செலுத்தும் பம்புகளை அவர்களே குறைத்தார்கள். விசாரணைக் குழு இயக்குநர் பயிற்சியின் போதாமையையும் காரணங்களில் ஒன்றாகச் சுட்டியது. துப்புரவுக்கு மட்டும் சுமார் நூறு கோடி டாலர் போனது. அதே ஆண்டு அமெரிக்க அணுமின் நிறுவனங்கள் பயிற்சித் தரத்தைக் கவனிக்கத் தனி அமைப்பே தொடங்கின. கூடங்குளத்தின் ஓர் அலகு 1,000 மெகாவாட். ஒரு நாள் நின்றால் 2.4 கோடி யூனிட். யூனிட் நாலு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 9.6 கோடி ரூபாய். அந்த ஒரு நாளுக்கு முன்னால் சிமுலேட்டர் செலவு கண்ணில் படாது. ஆனால் காண்ட்ராக்டரிடம் இந்த வாதம் எடுபடாது. அவருக்கு 9.6 கோடி யாரும் கொடுப்பதில்லை. அவருக்கு வேண்டியது டெண்டரில் போட ஒரு ரேட்.

ஆறு வெல்டர்கள், ஒரு கணக்கு

பயிற்சிக்கு எவ்வளவு ஆச்சு என்று ஃபோர்மேனிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

“ஆறு வெல்டரத் திருச்சிக்கு அனுப்புனோம்லா, மொத்தம் என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“ஆளுக்குப் பன்னெண்டாயிரம் ஃபீஸு தம்பி. வண்டிச்சத்தம், ரூம், சாப்பாடு ஆளுக்கு ஆறாயிரத்து ஐநூறு. அவ்ளோதான்.”

“அவங்க இல்லாத நாளு?”

“அதுக்கு என்ன? சம்பளம் எப்பவும் குடுக்கதுதான?”

‘எப்பவும் குடுக்கதுதான’ என்ற அந்த இடத்தில்தான் கணக்கு நின்றுபோகிறது. அண்ணாச்சி சொன்னதைக் கூட்டினால் 1,11,000 ரூபாய், ஆளுக்கு 18,500. மற்றதை நாம் எழுதுவோம். திருச்சி பெல் வளாகத்திலுள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இயங்குகிறது. குழாய் வெல்டிங்கில் மேல்பயிற்சி என்றதும் தென்கோடிக் காண்ட்ராக்டர்களுக்கு நினைவுக்கு வரும் ஊர் அதுதான். கீழே வரும் தொகைகள் எல்லாம் உதாரணத்துக்காகப் போட்டவை. எந்த நிறுவனத்தின் கட்டணமும் அல்ல. உங்கள் தொகையைப் போட்டு அதே வழியில் போங்கள்.

வெல்டருக்கு மாதம் 26,000 ரூபாய் சம்பளம். 26 நாள் வேலை என்றால் கைக்குப் போவது நாளுக்கு 1,000. நிறுவனத்துக்கு ஆகும் செலவு அதுவல்ல. பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, லீவுச் சம்பளம், விபத்து இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து நாளுக்கு 1,200 என்று கொள்வோம். பத்து நாள் பயிற்சி. வள்ளியூரில் ரயில் ஏறிப் போய்வர இரண்டு நாள். ஆறு பேருக்கு 72 ஆள்நாள், 86,400 ரூபாய். இது பில்லில் இல்லை.

அவர்கள் இல்லாத 72 ஆள்நாளில் பாதியை இங்கிருந்த வெல்டர்கள் ஓவர்டைம் பார்த்துச் சமாளித்தார்கள். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம், நாளுக்கு 2,000. 36 ஆள்நாளுக்கு 72,000 ரூபாய். முழுத்தொகையையும் பயிற்சியில் போடப் பலருக்கும் கை வரும். போடக்கூடாது. போனவர்களின் சம்பளத்தை ஏற்கெனவே பயிற்சிக் கணக்குக்கு மாற்றிவிட்டோம். அந்த வேலையைச் செய்து முடித்தவரின் சாதாரண நாள் செலவு, அதாவது 1,200, அந்த வேலையின் கணக்கில்தான் நிற்க வேண்டும். பயிற்சியால் கூடுதலாக ஆனது மிச்சமுள்ள 800 மட்டும். 36 × 800 = 28,800. இந்த ஒரு இடத்தில் தவறினால் பயிற்சிச் செலவு இரண்டு தடவை ஏறிவிடும். முதலாளி அதைப் பார்த்துவிட்டு அடுத்த பேட்சையே நிறுத்திவிடுவார்.

மீதி 36 ஆள்நாள் வேலை நடக்கவே இல்லை. பிளாண்டுக்கு வெல்டர் ஒருவருக்கு நாளுக்கு 1,600 ரூபாய் என்று பில் போடுகிறீர்கள் என்றால், இழந்தது 1,600 அல்ல. சம்பளம் மேலே ஏறிவிட்டது. லாபமாக நிற்க வேண்டிய 400தான் இழப்பு. 36 × 400 = 14,400.

பிறகு யார்டில் நடப்பது. திருச்சியிலிருந்து திரும்பியவர் நேராக பிளாண்டுக்குள் டார்ச்சைப் பிடிக்க முடியாது. 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிய குழாயில், அதைத்தான் 6ஜி என்கிறார்கள், சுற்றிவர வெல்டு போட்டுக் காட்ட வேண்டும். அடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மேல்நோக்கிப் போட வேண்டிய பகுதியில்தான் வேர் ஓட்டம் உள்ளே வாங்கிக்கொள்ளும். வெளியே மினுமினுவென்று இருக்கும். எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருக்கும். அந்தக் குழாய்த் துண்டு ஸ்கிராப். குழாய், ஃபில்லர் கம்பி, ஆர்கான் வாயு என்று யார்டில் கரைந்தது 18,000; எக்ஸ்ரேக்கு 12,000. ஸ்டோரில் கேட்டால் ‘பழைய பைப்புதான், கணக்கில் இல்லை’ என்பார்கள். பழைய பைப்புக்கும் ஸ்கிராப் விலை உண்டு. எடை போட்டு எழுதச் சொல்லுங்கள். ஃபோர்மேன் ஐந்து நாள் கூடவே நின்றார், நாளுக்கு 1,800 வீதம் 9,000. டெஸ்ட் ரிப்போர்ட், ஃபோட்டோ, கேட் பாஸ் திருத்தம் என்று ஆபீஸ் பையனுக்கு மூன்று நாள், 2,700.

எல்லாம் கூட்டினால் 2,82,300 ரூபாய். ஆறால் வகுத்தால் ஆளுக்கு 47,050. ஒருவர் தேறவில்லை என்றால் ஐந்தால்தான் வகுக்க வேண்டும்: 56,460. அண்ணாச்சி சொன்ன 18,500இன் மூன்று மடங்கு.

பயிற்சிக் கட்டணத்தோடு வந்த ஜி.எஸ்.டி.யை நான் சேர்க்கவில்லை. உள்ளீட்டு வரி வரவு எடுக்கும் நிறுவனத்துக்கு அது செலவல்ல. காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு வரவு கிடையாது. அவர் சேர்த்தே ஆக வேண்டும்.

ரேட்டாக மாற்றுவது

ஆளுக்கு 56,460 என்பதை வைத்துக்கொண்டு டெண்டர் போட முடியாது. அதை மாதமாகவும் நாளாகவும் மாற்ற வேண்டும். வேலை 24 மாதம் என்றால் ஐந்து பேர், 120 ஆள்மாதம். ஆனால் தேறிய வெல்டர் ஐந்து பேரும் 24 மாதம் இருப்பார்கள் என்று நம்புவது கணக்கல்ல. வளைகுடாவுக்கு ஆள் எடுக்க ஏஜென்ட் வந்து நாகர்கோவிலில் டெஸ்ட் வைத்தால் முதலில் போகிறவர் அவர்களில் ஒருவராகத்தான் இருப்பார். ஒருவர் ஆறாவது மாதமே கிளம்பிவிடுகிறார் என்று கொள்வோம். நாலு பேர் 24 மாதம், ஒருவர் 6 மாதம்: 102 ஆள்மாதம். 2,82,300ஐ 102ஆல் வகுத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 2,768, நாளுக்கு 106 ரூபாய். இந்த 106ஐ ஒரு வெல்டர் நாள் ரேட்டுக்குள் தனி வரியாக வையுங்கள். 1,600 ரூபாய் ரேட்டில் 400 லாபம் என்று நினைத்திருந்தால், உண்மையில் அது 294.

ஆள் போய்விடுவான் என்பதற்காக பாண்டு எழுதி வாங்குகிறவர்கள் உண்டு. அணுமின் கழகமே பயிற்சியாளர்களிடம் சேவை ஒப்பந்தம் வாங்குகிறது. அங்கே எடுக்கும் டெக்னீஷியன் பயிற்சியாளருக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி. அண்மைக்கால அறிவிப்புகளில் உதவித்தொகை முதலாண்டு மாதம் 20,000, இரண்டாமாண்டு 22,000 ரூபாய். உதவித்தொகை மட்டுமே தலைக்கு 5,04,000. வகுப்பு, ஆசிரியர், தங்குமிடம் தனி. அத்தனை போட்ட நிறுவனம் ஒப்பந்தம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பத்து நாள் பயிற்சிக்கு மூன்று வருஷ பாண்டு கேட்பதும், அசல் சர்ட்டிஃபிகேட்டைப் பீரோவில் பூட்டி வைப்பதும் வேறு விஷயம். பாண்டால் ஆளை நிறுத்திவிடலாம் என்று நம்புகிறவர், தேறிய வெல்டருக்கு மாதம் 2,000 கூட்டிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஆறாவது மாதத்தில் கிளம்பாமலிருந்தால் மீதி 18 மாதத்துக்கு 36,000. புதிதாக ஒருவரைத் தேற்றி எடுப்பதைவிட அது குறைவு.

காலாவதி

பயிற்சிக்கும் காலாவதித் தேதி உண்டு. இதைச் சேர்க்காத செலவுக் கணக்கு அரைக் கணக்கு.

வெல்டர் தகுதிக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் ஏ.எஸ்.எம்.இ. ஒன்பதாம் பிரிவின்படி, ஒருவர் தேறிய வெல்டிங் முறையில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யாமலிருந்தால் அந்தத் தகுதி போய்விடும். மறுபடி டெஸ்ட் போட வேண்டும். கூடங்குளத்தில் இது முன்பைவிட இப்போது கூடுதலாகக் கடிக்கும். 2022இல் புதிய வகை ரஷ்ய எரிபொருள் வந்ததையொட்டி, 12 மாதத்துக்கு ஒரு முறை என்றிருந்த எரிபொருள் மாற்றம் 18 மாத சுழற்சிக்கு நகர்ந்தது. நிலையத்துக்கு நல்லது: நிறுத்தங்கள் குறையும், மின்சாரம் கூடும். ஷட்டவுன் வேலையை மட்டும் நம்பியிருக்கும் காண்ட்ராக்டருக்கு இடைவெளி நீள்கிறது. ஒரு ஷட்டவுனில் தேறிய ஆட்கள் அடுத்ததற்குள் கலைந்துவிடுவார்கள். இருப்பவர்களின் தகுதியும் நடுவில் செத்துவிடும். 24 மாதத்துக்குப் பரப்பிய மேற்படிக் கணக்கு ஷட்டவுன் காண்ட்ராக்டருக்குப் பொருந்தாது. அவர் முழுச்செலவையும் அந்த ஒரு ஷட்டவுன் தலையிலேயே போட வேண்டும். இல்லாவிட்டால் இடைப்பட்ட காலத்தில் யார்டில் ஏதாவது வேலை கொடுத்து, வெல்டர் லாக் புத்தகத்தில் ஆறு மாதத்துக்குள் ஒரு பதிவாவது விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வரிப் பதிவு எக்ஸ்ரேயோடு சேர்ந்த ஒரு மறுடெஸ்டை மிச்சப்படுத்தும்.

கதிர்வீச்சுப் பகுதிக்குள் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக்கூடாது. தற்காலிகத் தொழிலாளிக்கு ஆண்டு வரம்பு 15. உள்ளே செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் அந்த வரம்பிலிருந்து கழியும். அதனால்தான் வெளியே அதே வால்வு, அதே குழாய் வளைவு வைத்து மாக்அப் செய்து கைபழக்குகிறார்கள். வெளியே நாலு தடவை கழற்றி மாட்டியவன் உள்ளே அதைப் பாதி நேரத்தில் முடித்துவிட்டு வருவான். மாக்அப் நாள் சம்பளத்தைச் செலவு என்று எழுதும்போது, மிச்சமான டோஸையும் பக்கத்தில் எழுதுங்கள். அதற்கு ரூபாய் போட வேண்டாம். வரம்பை எட்டிய வெல்டரை உள்ளே அனுப்ப முடியாது, இன்னொரு வெல்டர் தேட வேண்டும் என்பது ரூபாயைவிடத் தெளிவான கணக்கு.

காலம் பார்த்துப் பயிற்சி வைப்பதும் செலவைக் குறைக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் முப்பந்தல் காற்றாலை டெக்னீஷியனை வகுப்புக்கு அனுப்பினால், கோபுரம் நின்ற ஒவ்வொரு மணிக்கும் உற்பத்தி போகும். காற்று ஓய்ந்த பருவத்தில் அதே வகுப்பு, அதே ஃபீஸ். இழப்பு ஏறக்குறைய இல்லை.

அப்ரென்டிஸ்

1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் 2019இல் திருத்திய விதிகளின்படி, காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து 30 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரென்டிஸ் எடுக்க வேண்டும். அந்த விதிகளில் ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000. தேசிய அப்ரென்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசு கால் பங்கைத் தரும், உச்சவரம்பு 1,500. நிறுவனத்துக்கு நிற்பது 5,500. தொகைகள் மாறக்கூடியவை, டெண்டர் போடும் மாதத்தில் உள்ள அறிவிப்பைப் பாருங்கள்.

‘5,500 ரூபாய்க்கு ஓர் ஆள்’ என்று பார்ப்பவர்கள் ஃபோர்மேனை மறந்துவிடுகிறார்கள். அவர் நாளுக்கு ஒரு மணி நேரம் இவனுக்குக் கற்றுக்கொடுத்தால், 1,800ஐ எட்டால் வகுத்து மணிக்கு 225, மாதத்துக்கு 5,850. உதவித்தொகையைவிட அதிகம். ஒரு அப்ரென்டிஸுக்குப் பதில் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைத்தால் தலைக்கு 2,925 ஆகும். கற்றுக்கொடுக்காமல் டீ வாங்க அனுப்பினால் ஃபோர்மேன் செலவே இல்லை. அப்படிச் செய்கிற இடங்களில் 5,500 ரூபாய்க்கு டீ வாங்குகிறார்கள் என்று எழுதிக்கொள்ளலாம்.

பேரேடும் தனிச்சீட்டும்

இவ்வளவு கணக்குப் போட்டபின் ஒரு கேள்வி வரும்: இதை முதலீடாகக் காட்டி, நாலு ஆண்டில் தேய்மானம் எழுதலாமா? முடியாது. இந்திய கணக்கியல் தரநிலை 38, சிறிய நிறுவனங்களுக்கான தரநிலை 26 இரண்டும் பயிற்சிச் செலவை ஆன ஆண்டிலேயே செலவாக எழுதச் சொல்கின்றன. பயிற்சி பெற்றவர் நாளை வேறு இடத்துக்குப் போகலாம். அவருடைய திறமை உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்பது காரணம். புதிய இயந்திரத்தோடு வந்த ஊழியர் பயிற்சியையும் இயந்திரத்தின் விலையில் சேர்க்கக்கூடாது என்கிறது இந்திய கணக்கியல் தரநிலை 16. சப்ளையர் ஒரே பில்லில் இயந்திரமும் பயிற்சியும் போட்டுக் கொடுத்தால், பிரித்துக் கேட்டு வாங்குங்கள். சொந்த ஊழியருக்குக் கொடுத்த பயிற்சியை சி.எஸ்.ஆர். கணக்கில் காட்ட நினைப்பதும் விதிகளுக்கு ஒத்துவராது.

ஆக, 24 மாதத்துக்குப் பரப்புவது பேரேட்டில் நடக்காது. அது ரேட் போடுவதற்கான தனிச்சீட்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆடிட்டருக்கு ஒன்று, டெண்டருக்கு ஒன்று. பேரேட்டில் வராத அந்த லாப இழப்பைத் தவிர, இரண்டிலும் மொத்தத் தொகை ஒன்றாக இருந்தால் போதும்.

சொந்தமாகப் பயிற்சிக்கூடம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கூடத்துக்கு ஆண்டுச் செலவு 20 லட்சம், பயன்படுத்தக்கூடியது 2,000 மணி நேரம் என்றால் மணிக்கு 1,000. ஆனால் 1,250 மணிதான் ஓடியது என்று 20 லட்சத்தை அதனால் வகுத்தால் மணிக்கு 1,600 ஆகிவிடும். பயிற்சி விலை ஏறிவிட்டது என்று சைட் மேனேஜர்கள் ஆள் அனுப்புவதைக் குறைப்பார்கள். ஓடும் மணி இன்னும் குறையும், விலை இன்னும் ஏறும். நல்ல கூடங்கள் இப்படித்தான் பூட்டுப் போடப்படுகின்றன. வகுப்பின் தலையில் 1,000தான் ஏற்ற வேண்டும். ஓடாத 750 மணியின் ஏழரை லட்சத்தை ‘சும்மா கிடந்த கூடம்’ என்று தனியாக எழுதி முதலாளியிடம் காட்டுங்கள். அது பயிற்சியின் குறையல்ல.

நடைமுறையில் இதற்கு வேண்டியது ஒரு எழுத்து. மஸ்டரில் வந்தவர், வராதவர், விடுப்பு என்று போடுவதோடு பயிற்சி நாளுக்கு ‘ப’ என்று போடச் சொல்லுங்கள். அரைநாள் என்றால் ‘½ப’. காலையில் நடக்கும் பத்து நிமிட டூல்பாக்ஸ் பேச்சுக்கு வேண்டாம். அது வேலையின் பகுதி. கேட் பாஸ் வாங்குமுன் நடக்கும் சேஃப்டி இண்டக்‌ஷன், உயர வேலைக்கான டெஸ்ட், மெடிக்கல் ஆகியவற்றுக்குப் போன நாளெல்லாம் ‘ப’. டாலியில் ‘பயிற்சி’ என்று ஒரு காஸ்ட் சென்டர், அதற்குள் பேட்ச் வாரியாகப் பெயர். மாதக் கடைசியில் ‘ப’க்களை எண்ணி, நாள் செலவால் பெருக்கி, சம்பளத்திலிருந்து பயிற்சிச் செலவுக்கு ஒரு ஜர்னல் என்ட்ரி. மஸ்டர் எழுதும் டைம்கீப்பருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் பிடிக்கும். அதற்கும் ‘ப’ போடலாம், தப்பில்லை.

ஆளே சுமக்கும் பங்கு

முழுச் செலவு என்று சொல்லிவிட்டு நிறுவனத்தின் செலவோடு நிறுத்தினால் அது முழுசாகாது. புதிதாக வேலைக்கு வரும் ஆளுக்கு இண்டக்‌ஷன், போலீஸ் சரிபார்ப்பு, மெடிக்கல் முடிந்து கேட் பாஸ் கைக்கு வரும்வரை சம்பளம் கொடுக்காத காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். ‘பாஸ் வந்த அன்னைக்குத்தான் பேரு ஏறும்’ என்பது வழக்கமான பதில். இடிந்தகரையிலிருந்தோ பெருமணலிலிருந்தோ வரும் பையன் அந்த நாள்களில் கடலுக்கும் போகவில்லை. இங்கேயும் கூலி இல்லை. மெடிக்கலுக்கும் போட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் அவன் கைக்காசு. செலவு இங்கே குறையவில்லை, சட்டைப்பை மாறியிருக்கிறது. அதன் பலன் நிறுவனத்துக்கே திரும்பி வரும். பத்து பேர் பாஸுக்கு எழுதிக் கொடுத்தால் நாலு பேர் நடுவிலேயே கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்குப் பதில் வரும் நாலு பேருக்கு மறுபடி ஒரு இண்டக்‌ஷன், மறுபடி ஒரு அலைச்சல், ஷட்டவுன் தொடங்கும் நாளில் ஆள் குறைவு.

எனவே தனிச்சீட்டின் கடைசியில் இரண்டு வரிசை விடுங்கள். ஒன்றில் நிறுவனம் கொடுத்தது, மற்றதில் ஆள் தன் கையிலிருந்து போட்டதும் இழந்த கூலியும். இரண்டாவது வரிசைக்கான தொகையை மஸ்டரில் தேடிப் பயனில்லை, ஆளிடமே கேட்டுத்தான் எழுத வேண்டும். பாஸ் வாங்கிக் கொடுக்கும் அன்றே கேட்டுவிடுவது நல்லது. மாதம் கழிந்தால் அவனுக்கும் நினைவிருக்காது.